ஐந்தாவது வண்டி

பரதராமி செக்போஸ்ட்டுக்குத் தெரியாமல்
சித்தூர் போக ஏழு வழி இருக்கிறது என்றான் யுகேந்தர்.
மாந்தோப்புக்குள் மூன்று, ஏரிக்கரை மேல் இரண்டு,
மிச்சம் இரண்டை எழுதக் கூடாது என்றான்.
எழுதவில்லை.

வயது பதினைந்து. ஒன்பதாம் வகுப்போடு நின்றவன்.
நம்பர் பிளேட் இல்லாத டிவிஎஸ்,
பின்னால் இரண்டு மூட்டை அரிசி,
விடிகாலை நாலே முக்கால்.
அவனைப் பிடித்தது போலீஸ் இல்லை,
குறுக்கே வந்த ஒரு பன்றி.
முழங்கை உடைந்து, கொட்டிய அரிசி மேலேயே
விடியும்வரை உட்கார்ந்திருந்தான்.
போலீஸ் அப்புறம்தான் வந்தது.

எங்கள் அலுவலகம் பஞ்சர் கடைக்கு மேல்.
படியேறி வருபவர்களில் பாதிப் பேர்
காற்றடிக்க வந்து வழி தவறியவர்கள்.
இருபத்திரண்டு பிள்ளைகள், ஒரு கேரம் போர்டு.
ஸ்ட்ரைக்கர் தொலைந்த நாளிலிருந்து
தைல பாட்டில் மூடியால் அடிக்கிறார்கள்.

வேலூர் குழுமம் அனுப்பிய தாளில்
'வீட்டுச் சூழல்' என்று போட்டு
அரைப் பக்கம் காலியாக விட்டிருந்தார்கள்.
போனேன்.
முனிலட்சுமி மகனைத் தெலுங்கில் திட்டிக்கொண்டே
என்னைத் தமிழில் உட்காரச் சொன்னாள்.
மாங்கூழ் கம்பெனியில் மூன்று மாதம் வேலை.
மீதி ஒன்பது மாதம்?
பேசாமல் எழுந்து போய்
சுவரிலிருந்து குழுக் கடன் அட்டையை எடுத்து வந்தாள்.
வியாழன்தோறும் அறுநூற்று நாற்பது.
எல்லாக் கட்டத்திலும் கையெழுத்து,
ஒரு வாரம்கூட விட்டுப்போகவில்லை.
பள்ளிக்கூடப் பதிவேட்டில் அவன் இல்லாத நாளெல்லாம்
இந்த அட்டைக்கு வந்து ஆஜராகியிருந்தன.
அப்பா?
"லாரி. போன் மட்டும் வரும்.
இப்ப அதுவும் வர்றதில்ல."

ஸ்டேஷனில் மூட்டைகளைக் காட்டினார்கள்.
ஒன்றின் வாயில் நீல நூல், கோணல் கோணலாய்.
என் தையல்.
போன மாதம் மழைக்கு வீடிழந்த குடும்பங்களுக்கு
நாங்கள் கொடுத்த மூட்டை.
யுகேந்தர் என் காதருகே சொன்னான்:
"அது ரேஷன் இல்லக்கா, நல்ல அரிசி.
கிலோவுக்கு நாலு ரூபா சேத்துக் கேட்டிருந்தேன்."
சிரித்துவிட்டேன்.
எஸ்.ஐ. நிமிர்ந்து பார்த்தார்.
இருமல் சார், என்றேன்.

கட்டுப் பிரித்தாயிற்று.
தனித்தேர்வுக்குப் பணம் கட்டியாயிற்று.
இரண்டு நாள் வருவான், மூன்று நாள் வரமாட்டான்.
கேட்டால் கரெண்ட் இல்லை என்பான்,
கரெண்டுக்கும் பகல் வகுப்புக்கும் என்ன சம்பந்தமோ.
கவுன்சிலர் அம்மாவிடம் இரண்டு சனிக்கிழமை வாயே திறக்கவில்லை.
மூன்றாவது சனிக்கிழமை
அவர் செருப்பு வார் அறுந்திருப்பதைச் சொன்னானாம்.
நல்ல ஆரம்பம் என்று எழுதியிருந்தார்.
கடன் குழுவோடு சண்டை போட்டு
வாரத் தவணையைப் பாதியாக்கினோம்.
மறுபாதி இன்னும் அந்த மாந்தோப்புக்குள்தான் கிடக்கிறது.
அதை எங்கிருந்து எடுப்பதென்று எனக்குத் தெரியாது.
தெரிந்த மாதிரி அவனிடம் பேசுகிறேன்.

இன்று விடிகாலை நாலு நாற்பதுக்குப் போன்.
"அக்கா, போகல."
"எங்கே?"
"போகலன்னு சொல்றேன்."
பிறகு ஒன்றும் பேசவில்லை. வைக்கவும் இல்லை.
அவன் வீட்டு வாசலைத் தாண்டி
வண்டிகள் போகும் சத்தம் எனக்கும் கேட்டது.
ரெண்டு, என்றான். மூணு.
நாலாவது கொஞ்சம் தாமதம்.
"அஞ்சாவது என்னோடதுக்கா.
சைலன்ஸர் சத்தத்துலயே தெரியும்."
யார் ஓட்டுறா?
பதில் இல்லை. நாய் குரைத்தது.
சத்தம் தோப்புப் பக்கம் திரும்பித் தேய்ந்தது.

வெகுநேரம் கழித்து ஒரு பெயர் சொன்னான்.
ஏழாம் வகுப்பாம்.
நோட்டு அலுவலகத்தில் இருந்தது.
விளக்கைப் போடாமல்
உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.